இரண்டாவது போர்ட்டில் இருந்த மாட்யூல்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். பஸ்ஸில் மலை வளைவு முழுக்கத் தூக்கம். பத்தரைக்கு மலைக் கிளினிக்.

வேலை: சர்வர் அறையில் இருக்கும் மேலாண்மைப் பெட்டியில் என்னென்ன மாட்யூல் செருகியிருக்கிறது, வகை, சீரியல் நம்பர் எல்லாம் குறிக்க வேண்டும். புதுப் பெட்டி வரப்போகிறது. ஆபீசில் மூன்று நாள் கொடுத்திருக்கிறார்கள். அரை நாள் வேலைதான்.

நர்ஸ் பூங்கொடி எட்டிப் பார்த்தார். "இது என்ன பொட்டிங்க?"

"இங்க இருக்கற ஃபயர்வால், வேண்டாததை உள்ள விடாமத் தடுக்குதுல்லங்க, கீழ ஆபீஸ்ல இருந்து அதுக்கு உத்தரவு வர்ற பெட்டி. இந்த விரல் நீளச் சாமான்தான் மாட்யூல். டவர்ல இருந்து வர்ற கண்ணாடி இழை இதுலதான் மாட்டும்."

"அன்னைக்கு வேலை செய்யாதது இதானுங்களா?"

ஆமாம் என்றேன்.

அன்றைக்கு என்றால் மார்ச்சில். பொன்னுசாமி என்பவர் மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்தார். கீழே இருக்கும் டாக்டரிடம் வீடியோவில் காட்டப் பார்த்திருக்கிறார்கள். ஃபயர்வால் தடுத்துவிட்டது. ஆபீசிலிருந்து தடுப்பை எடுக்கப் பார்த்தோம், இந்தப் பெட்டியை எட்டவே முடியவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு ஜீப்பில் உட்கார வைத்து இறக்கினார்கள். முதுகெலும்பில் அடி; டாக்டர் பார்த்திருந்தால் அசைக்காமல் படுக்க வைத்து இறக்கச் சொல்லியிருப்பார். இப்போது நடக்க முடியாது. மதியம் பெட்டி தானாகவே சரியானது. காரணம் யாரும் தேடவில்லை. இங்கே பராமரிப்பு எங்கள் ஆபீஸ் செல்வத்தின் பொறுப்பு. அவனை வேலையை விட்டு எடுத்தார்கள்.

மதியம் தயிர் சாதம், ஊறுகாய். குடையை பஸ்ஸில் விட்டுவிட்டேன்.

ஜூலை 9, புதன்

மழை இல்லை. மூடுபனி. சாக்ஸ் காயவில்லை.

கழற்றாமலே திரையில் கட்டளை கொடுத்தால் மாட்யூலே தன் விவரம் சொல்லும்.
போர்ட் 1: தூர வகை. சரி.
போர்ட் 2: கிட்ட வகை. ஒரே கட்டடத்துக்குள் போடுவது.
போர்ட் 3, 4: காலி.

டவர் வரை ஒரு கிலோமீட்டருக்கு மேல் இழை. இரண்டாவது போர்ட்டில்தான் அது வருகிறது. கிட்ட வகை போட்டால் தொடர்பு ஒரு நேரம் இருக்கும், ஒரு நேரம் விழும்.

பூங்கொடியிடம் சொல்லிவிட்டுக் கழற்றினேன். கறுப்புக் கைப்பிடி. லேபிளிலும் திரையில் வந்த அதே சீரியல் நம்பர். கையிருப்பில் இருந்த தூர வகையைப் போட்டேன். பச்சை விளக்கு.

சீரியல் நம்பரை ஸ்டோர் பட்டியலில் தேடினேன். யார் எடுத்துப்போனது: கலா.

நான்.

போன டிசம்பர். தூர வகை தீர்ந்திருந்தது. இருந்ததைப் போட்டேன், விளக்கு எரிந்தது. அடுத்த வாரம் மாற்றலாம் என்று இறங்கினேன். அடுத்த வாரம் ராசிபுரம் வேலை.

ஏதாவது தோன்றும் என்று சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் இல்லை. பாட்டிலில் தண்ணீர் பிடித்தேன்.

மேனேஜருக்குப் போன். "வகையை மட்டும் எழுதும்மா. யார் போட்டதுன்னு எதுக்கு? செல்வம் விசயம்தான் முடிஞ்சு போச்சே."

நாலு மணிக்கு ரிப்போர்ட் அனுப்பினேன். போட்டவர் என்ற இடத்தில் என் பெயர். கீழே ஒரு வரி: மார்ச்சில் தொடர்பு விழக் காரணம் இதுவாக இருக்கலாம், செல்வம் அல்ல. அனுப்பும் முன் "இதுவாக இருக்கலாம்" என்பதை அடித்து "இதுவே" என்று போட்டேன். மேனேஜர் மூன்று முறை கூப்பிட்டார். எடுக்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

வெயில். சாக்ஸ் காய்ந்தது.

காலையில் செல்வத்துக்குப் போன். பின்னால் லாரிச் சத்தம். சொன்னேன்.

"சரிங்க. லோடு எறக்கிட்டு இருக்கேனுங்க. வெக்கட்டுங்களா?"

வைத்துவிட்டான்.

மேனேஜர் மெசேஜ்: திங்கள் தலைமை ஆபீசுக்கு நேரில் வரவும்.

பூங்கொடியிடம் பொன்னுசாமி வீடு கேட்டேன். "எதுக்குங்க கண்ணு? அவங்க ஒண்ணும் கேக்கலியே." ஆனாலும் வழி சொன்னார். மரவள்ளிக் காட்டு ஓரமாக இருபது நிமிட நடை.

அவர் மனைவி அலமேலு வாசலில் கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே கட்டில், ரேடியோ. நின்றபடியே சொன்னேன். பாதிக்கு மேல் அவருக்குப் புரியும்படி சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

"நீங்க மாத்திப் போட்டதாலதான் டாக்டரு பாக்க முடியலீங்களா?"

"ஆமாங்க."

"எங்க, காட்டுங்க அதை."

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்தனூண்டுங்களா?"

உள்ளேயிருந்து "யாரு புள்ள?" என்று குரல்.

அலமேலு மாட்யூலை என் கையில் வைத்தார். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.