நீதிபதியின் முதல் கேள்வி

அன்புள்ள சுலாஸ்த்ரி,

நீதிமன்றத்துக்கு ஆறு மணிப் பேருந்தில் புறப்படுகிறேன். சாவி சமையலறை ஜன்னலில் இருக்கிறது.

வர்தோயோ மேல் சுமத்திய திருட்டு நடந்த அன்று, அவன் நாள் முழுவதும் நம் கூரையில் ஓடு மாற்றினான் என்று சாட்சி சொல்வேன். ஆனால் நீதிபதி முதலில், "இவர் உங்களுக்கு உறவா?" என்று கேட்பார். மகன் என்றால் சத்தியம் வாங்கமாட்டார்கள். என் சொல்லுக்கு எடை இராது.

"வளத்த பிள்ளைய யாரோன்னு சொல்லிடுவீங்களா, வாத்தியாரே?" என்று நேற்று கேட்டாய். பதிவு செய்யாமல் வளர்த்தோம்; சட்டப்படி அவன் நமக்கு யாருமில்லை. நம் ஊர்க் கதைகளில் புலியையே ஏமாற்றும் சருகுமானுக்கு வேறு தந்திரம் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. அவனைக் காவலில் வைத்த நான்கு மாதமாக அவன் குரல் கேளாத வீடு இது.

சுமார்த்தோ

பி.கு.: எட்டு மணி வண்டியில் நீயும் வந்து, முன்வரிசையில் உட்கார். அவனுக்குப் பிடித்த சோயா தெம்பே வறுவல் கொண்டுவா. நான் "உறவில்லை" என்னும்போது அவன் உன் முகத்தைப் பார்க்கட்டும்.