பி பிரிவின் சராசரி

டீச்சர்,

இன்று காலை பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தது. கணக்குப் பாடத்தின் மார்க் பட்டியலை அச்செடுத்துக் கொடுத்தார்கள். வாங்கிய வேகத்தில் அதை நீளவாக்கில் மடித்துவிட்டேன். "ஏனுங்க டீச்சர், புதுத் தாளை எதுக்குங்க மடிச்சுப்போட்டீங்க?" என்றார் தலைமையாசிரியை. அது உங்கள் பழக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பதினோரு வருடம் ஒரே ஸ்டாஃப் ரூமில் எதிரெதிர் மேசை. நன்றாகப் படிக்கிறவர்களின் ஏ பிரிவு எனக்கு. மிச்சமெல்லாம் உங்கள் பி பிரிவு. என் வகுப்புச் சராசரி எண்பதுக்குக் கீழே இறங்கியதில்லை. பள்ளி வாசல் ஃப்ளெக்ஸில் என் பிள்ளைகளின் படங்கள்தான். ஆனாலும் நாம் பொள்ளாச்சி பஸ்ஸுக்கு நிற்கும்போது, பழைய பிள்ளைகள் ஓடிவந்து பேசியது உங்களிடம். எனக்கு வயிறு எரியும்.

கணக்கு ஆசிரியருக்குக் கேடயம் என்று அறிவித்த வருடம், நீங்கள் உங்கள் பட்டியலை மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நடுவிலுள்ள கட்டங்கள் மறைந்து, ஒன்பதாம் வகுப்பு மார்க்கும் பொதுத்தேர்வு மார்க்கும் அடுத்தடுத்து நின்றன. "கடைசிக் கட்டத்தை மட்டும் பாத்தா ஒண்ணும் தெரியாதுங்க. எங்கிருந்து வந்திருக்குதுனு பாக்கோணும்" என்றீர்கள். உங்கள் வகுப்பு இருபத்தொன்பதில் வந்து ஐம்பத்தொன்றுக்குப் போயிருந்தது.

"என்னோடதையும் மடிச்சுப் பாருங்களேன்" என்று நானே பெருமையாக நீட்டினேன். மடித்தீர்கள். சட்டென்று பிரித்துவிட்டீர்கள். அதற்குள் நான் பார்த்துவிட்டேன்: எண்பத்தைந்தில் வந்தவர்களை எண்பத்திரண்டில் அனுப்பியிருக்கிறேன்.

கேடயம் யாருக்கு என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் தலைமையாசிரியை, "ஏதாச்சும் சொல்றீங்களா?" என்று உங்களைக் கேட்டார். ஒருதரம் என்னைப் பார்த்தீர்கள். "டீச்சருக்கே குடுத்துருங்க மேடம்" என்றீர்கள். நான் போய்க் கேடயத்தை வாங்கிக்கொண்டேன். நீங்கள் சண்டை போட்டிருந்தால் உங்களை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

போன சித்திரையில் நெஞ்சுவலி வந்து ஒரே நாளில் போய்விட்டீர்கள். பி பிரிவை எடுக்க ஆளில்லை. நான் கேட்டு வாங்கினேன். உங்கள் மேலுள்ள பாசம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பாசமெல்லாம் இல்லை. உங்களை ஒருதடவையாவது ஜெயிக்க வேண்டும் என்றுதான்.

மத்தியானம், ஒன்பதாம் வகுப்பில் பதினொரு மார்க் வாங்கிய பெண் மூச்சிரைக்க வந்தாள். "முப்பத்தெட்டுங்க டீச்சர், பாஸாயிட்டனுங்க!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். இதை நீங்கள் பார்த்து ஒரு நிமிடமாவது என்மேல் பொறாமைப்பட்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

மடித்த தாள் என் கைப்பையில் இருக்கிறது. பிள்ளைகள் முப்பத்தொன்றில் வந்து நாற்பத்தொன்பதுக்குப் போயிருக்கிறார்கள். எனக்குப் பதினெட்டு, அந்த வருடம் உங்களுக்கு இருபத்திரண்டு. இன்னும் நாலு மார்க் நீங்கள்தான் முன்னால்.

அடுத்த வருடமும் பி பிரிவு எனக்கே வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.