ரஃபஸ் சாகவில்லை, புதைத்தது ரோஜாவை

அன்பு மகள் மாரிட்டுக்கு,

டுலூத்திலிருந்து அம்மா எழுதுவது. நான் சுகம், அப்பாவும் முதுகைத் தவிர சுகம், நீ விட்டுப்போன நாய் ரஃபஸ் ரொம்ப ரொம்ப சுகம். இங்கிருந்து யாராவது போன் செய்து வேறு மாதிரிச் சொன்னால் அழுது தொலைக்காதே, முதலில் இதைப் படி.

அப்பா இந்த வருஷம் கொல்லையில் ஒரு ரோஜாச் செடி வைத்தார் அல்லவா, பனிக்கு முன்னால் பள்ளம் வெட்டி, செடியை அப்படியே சாய்த்து மண்ணுக்குள் படுக்க வைத்தால்தான் பிழைக்கும் என்று ஒற்றைக் காலில் நின்றார். நம் தெருவில் எல்லார் வீட்டிலும் லைலாக் பூப்புதர்தான், அது எந்தக் குளிரிலும் தானாக நிற்கும், ரோஜாவைப் படுக்க வைக்கிற வேலையெல்லாம் யாருக்குத் தெரியும்? முள் குத்துகிறதென்று கிளைகளைக் கட்டி ரஃபஸின் பழைய போர்வையைச் சுற்றினார் உன் புத்திசாலி அப்பா. பக்கத்து வீட்டு டார்லீன் ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறாள். வந்து கேட்பாளா? கேட்டால் மரியாதை போய்விடுமே! சாயங்காலம், நோவுக்கும் சாவுக்கும் நம் ஊரார் சமைத்துத் தருகிற, கறியும் உருளைக்கிழங்குமான ஹாட்டிஷோடு சுடச்சுட வந்து, "ஒண்ணும் சொல்ல வேணாம் ஆர்விட், பார்த்துட்டுத்தான் இருந்தேன்" என்று மூக்கைச் சிந்தினாள். முதுகுவலிக்குத்தான் கொடுக்கிறாள் என்று இவரும் வாங்கிக்கொண்டார். படி இறங்கும்போதுதான், "தங்கமான நாய்" என்றாள். நாய் சாகவில்லை என்று அப்போதாவது சொல்லக் கூடாதா என்று நான் கேட்டால், "பாத்திரம் கைக்கு வந்துருச்சே, இனிமே எப்படிடீ சொல்றது?" என்கிறார். சாப்பிட்டும் விட்டார்!

அப்புறம் சர்ச் பெண்கள் எல்லாரும் ஹாட்டிஷோடு வந்தார்கள், ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் வேறு கண்ணை மூடிக்கொண்டு எங்களுக்கு ஆறுதல் வேண்டினார், நானும் வாய் திறக்கவில்லை, என்ன செய்ய, நானும் இந்த ஊர்க்காரிதானே. இப்போது ரஃபஸ் தலைமறைவு. திரை போட்ட அறைக்குள் கிடக்கிறான். ஏரிக்கரைக்குக் கூட்டிப்போகச் சொல்லிக் கதவைப் பிறாண்டி முனகும்போது வெளியே கேட்காமலிருக்க ரேடியோவைச் சத்தமாக வைக்கிறேன், மாரிட். வயதான ஜீவன், இதுவே அவனுக்குக் கடைசிக் குளிர்காலமாகக்கூட இருக்கலாம்.

நீ நியூயார்க் போய் முகத்துக்கு நேரே பேசப் பழகிவிட்டாய், கிறிஸ்துமஸுக்கு வந்து இவர்களிடம் நீயே உண்மையைச் சொல்லிவிடு. கம்பளிக் காலுறை மறக்காதே. கடவுள் உன்னை நன்றாக வைக்கட்டும்.

இன்னொன்று. ரஃபஸின் நினைவாக எல்லாரும் சேர்ந்து ஒரு ரோஜாச் செடி வாங்கித் தந்திருக்கிறார்கள். மண் உறைந்து இறுகுவதற்குள் அதையும் படுக்க வைக்க வேண்டுமாம், நாளை அப்பா மறுபடி பள்ளம் வெட்டுகிறார். இந்த முறை என் போர்வை. நான் காலையிலிருந்தே ஜன்னலில் நின்று டார்லீனுக்குக் கையாட்டிக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உயிரோடிருக்கும் உன் அம்மா,
சோல்வெய்க்