யூதாசைக் கூப்பிட்ட சொல்

வட்டுக்கோட்டை,
16.12.1988

என் அன்புத் தங்கை ரூபவதிக்கு,

கர்த்தர் கிருபையால் நான் நல்ல சுகம். உன் முழங்கால் நோவு எப்படி? மருமக்களிடம் சொல், மாமா இங்கே போதகர் வகுப்புக்குச் சமைப்பது மட்டுமல்ல, கிரேக்கமும் படிக்கிறார். போதகர் ஐயாவே என்னைக் கேட்டுத்தான் பாடம் தொடங்குவார்.

நத்தார்ப் பண்டிகைக்கு நான் வரவில்லை. சின்னச் சங்கதிதான், யோசியாதே. சமையற்காரர் இருவரில் ஒருவருக்குத்தான் லீவு, இம்முறை எனக்கு. மற்றவன், நம்மூர்த் தேவசகாயம், என் பாயில் படுத்தவன், ஐயாவிடம் போய், "அண்ணைக்கு ஊருக்குப் போக விருப்பமில்லை, நான் போறன்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டுவிட்டான்.

அன்றைய பாடம் யூதாசின் முத்தம். ஆண்டவர் அவனைச் "சிநேகிதனே" என்கிறாரல்லவா? கிரேக்கத்தில் அது உயிர்ச் சிநேகிதனைக் கூப்பிடும் சொல் இல்லையாம். கூட இருந்து திரிகிறவனைக் கூப்பிடும் சொல்லாம். நான் கதவடியில் நின்று, "ஆண்டவருக்கு ஆளைத் தெரிஞ்சிருக்கு ஐயா!" என்றேன். வகுப்பே எழுந்து கைதட்டியது.

இங்கே குளிர். தேவசகாயம் திரும்பும்போது ஒரு போர்வையை அவன் கையிலேயே கொடுத்துவிடு. நத்தாரன்று அவன் நம் வீட்டுக்கு வருவான். சோறு போடு. என் கதிரையில் மட்டும் இருத்தாதே.

தபாலுக்குப் போகிறவர் வாசலில் நின்று கூப்பிடுகிறார்.

உன்,
ஞானமுத்து