நான் டீ குடிக்கப் போன நேரம்

அன்பு மகன் சித்தார்த்துக்கு நைனா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, தங்கச்சி எழில்மொழி மூன்று பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். மனசு எப்படி இருக்கிறது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். நீ மஸ்கட் வெயிலில் தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது நைனா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். இந்த இரண்டு ரூம் வீட்டில் நான் தும்மினாலே எழில் காதில் விழும், தெருவில் நின்று பேசினால் கவுன்சிலர் யாரிடமோ ரகசியம் பேசுகிறார் என்று ஊரே வேடிக்கை பார்க்கும். அதனால்தான் லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிற செல்வத்திடம் கொடுத்தனுப்புகிறேன். அம்மா கட்டிக் கொடுத்த கருவாட்டுப் பொட்டலத்தையும் அவனிடம் கேட்டு வாங்கிக்கொள், மறந்த மாதிரி இருந்துவிடுவான்.

எழிலுக்கு நம் பேரூராட்சியில் தண்ணீர் மோட்டார் ஆபரேட்டர் வேலை கிடைத்ததை அம்மா போனில் கத்திக் கத்திச் சொன்னாளே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். இருந்தது ஒரே ஒரு இடம். எழிலும், அவளோடு பாலிடெக்னிக்கில் படித்த கௌசரும் கேட்டிருந்தார்கள். அனல்மின் நிலையச் சாம்பல் உள்ளே வராமல் சன்னலைச் சாத்திக்கொண்டு, நம் வீட்டில்தான் இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி கேள்வி கேட்டுப் படித்தார்கள். இன்டர்வியூவில் மார்க் போடுகிற குழுவில் நானும் ஒருத்தன். என் சொந்தக்காரன் எவனுக்கும் வேலை வாங்கித் தர மாட்டேன் என்று மைக் பிடித்துச் சொல்லி ஓட்டு வாங்கியவன், பெற்ற பெண் வந்து நிற்கும்போது எதிரில் உட்கார்ந்திருக்கலாமா? அவள் பேரைக் கூப்பிட்டதும், டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து வெளியே போய்விட்டேன். என்னமோ பெரிய நியாயவான் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன், அதை நினைத்தால் இப்போது எனக்கே என்னை அறையலாம் போல இருக்கிறது.

வேலை எழிலுக்கு என்று முடிவான பிறகு மூத்த கவுன்சிலர் திருமலை என் தோளில் கை போட்டு, "இன்னா கிருஷ்ணப்பா, புது ஆளு, ஒண்ணுந் தெரியாதுன்னு நெனச்சிகினு இருந்தோம். கரீக்டா டீக்கு எய்ந்து போய்ட்டியே" என்று சிரித்தார். எனக்கு விளங்கவில்லை, அவரே விளக்கினார். இந்த ஆபீசில் யாரும் வாயைத் திறந்து சிபாரிசு செய்வதில்லையாம். தன் ஆள் உள்ளே வரும்போது கவுன்சிலர் டீ குடிக்க எழுந்து போவாராம், மற்றவர்கள் புரிந்துகொண்டு முழு மார்க்கும் போட்டுவிடுவார்களாம். "உம் பொண்ணு இன்னா பதில் சொல்ச்சுன்னு கூட கேக்கல மாமு, போட்டுட்டோம்" என்றார். அடுத்து துப்புரவு மேஸ்திரி இடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள், அவர் மச்சான் பையன் வருகிறான். "நான் டீக்குப் போறப்ப நீ பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் தோளிலிருந்து கையை எடுத்தார்.

சும்மா இருக்கவில்லை சித்தார்த், நேராகச் செயல் அலுவலரிடம் போய் இன்டர்வியூவை மறுபடி நடத்துங்கள் என்று கேட்டேன். அவர், "குழு போட்ட மார்க் சார், என்னான்னு புகார் எழுதித் தருவீங்க, டீ குடிச்சேன்னு எழுதுவீங்களா?" என்று கேட்டார். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். திருமலையின் ஆளுக்கு நியாயமாக மார்க் போட்டால் அவர் எழில் பேரை இழுத்து நாறடிப்பார். கண்ணை மூடிக்கொண்டு போட்டால் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன் ஆகிவிடுவேன். ராஜினாமா செய்யலாம் என்றால் பெண்ணுக்கு வேலை வாங்கிக்கொண்டு கழன்றுவிட்டான் என்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுகிறது. எழிலை வாழ்த்த வந்த கௌசர் வாசலோடு நின்றுவிட்டாள். உள்ளே வாம்மா என்றேன், ரயிலுக்கு நேரமாகிறது என்றாள். இரண்டு தெரு தள்ளி இருக்கிறவளுக்கு எந்த ரயில்?

மனசு கேட்காமல் எழிலிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுவாள், கோபப்படுவாள் என்று நினைத்தேன், இரண்டும் இல்லை. "நைனா, நீ உள்ளயே குந்திகினு இருந்திருந்தா எனக்கு எவ்ளோ மார்க் வந்திருக்கும்?" என்று மட்டும் கேட்டாள். அது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. கௌசரை விட அவள் கெட்டிக்காரி என்றுதான் நான் நினைக்கிறேன், ஆனால் அப்பன் நினைப்பதை யார் மார்க்காக எடுத்துக்கொள்வார்கள்? மறுநாள் காலையில் வேலைக்குப் போனாள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் அடுத்து யார் டீக்குப் போவார்களோ அவர்கள் ஆள்தான் வருவான், கௌசர் வரமாட்டாள் என்று அவளுக்கும் தெரிகிறது. இன்னும் கௌசர் வீட்டுப் பக்கம் போகவில்லை, சுற்றிக்கொண்டுதான் போகிறாள்.

நீ மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே, உன் வேலையைப் பார். ராத்திரி ஷிப்டு முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. நானும் அம்மாவும் புத்தர் படத்துக்கு முன்னால் விளக்கு ஏற்றும்போதெல்லாம் உன் பேரைச் சொல்கிறோம், நீ நோய் நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், எழில் போனில் பேசினால் வேலைக்கு வாழ்த்துச் சொல்லிவிடாதே. சாப்பிட்டியா என்று கேள், போதும்.

இப்படிக்கு,
உன் நைனா
கிருஷ்ணப்பன்