அம்மாவின் பிறந்த வீடு

வியாழன், இரவு

அம்மாவுக்கு அவ்வப்போது இதயத் துடிப்பு தாறுமாறாகிறதாம். அவருக்கே தெரியவில்லை. எச்சிலில் செய்த மரபணுச் சோதனையில் ஆபத்து அதிகம் என்று வந்ததால்தான் நெஞ்சில் கருவி ஒட்டிப் பார்த்தார்கள். அதில் சிக்கிவிட்டது. பக்கவாதம் வருமுன்னே மாத்திரை தொடங்கியாயிற்று. தெய்வம் காப்பாற்றியது.

"குடும்பத்துல யாருக்கும் இருதயக் கோளாறு இல்லைன்னீங்களே?" என்றார் பீளமேட்டு டாக்டர்.

"எங்கண்ணனுக்கு இருந்துச்சுங்க. கைகால் இழுத்துத்தான் படுத்தாரு. ஆனா அது பொறந்த ஊடுங்களே! நீங்க எங்க குடும்பத்தைத்தானுங்க கேட்டீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவுக்குக் குடும்பம் என்றால் புகுந்த வீடு மட்டும்தான். நல்லவேளை, எச்சில் பிறந்த வீட்டை மறக்கவில்லை.

டாக்டர் என்னிடம் திரும்பினார். "உங்க குடும்பத்துல எப்படிங்கம்மா?"

"மாமனாருக்குத்தான் பிரஷர் இருக்குங்க" என்றேன், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே.