வாபஸ் வாங்காத வாழ்த்து

சாணார்பட்டி
14.9.2003

அன்பு மகள் சத்யபிரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் மாடு கன்றுகளும் சௌக்கியம், அப்பாவின் பதவிதான் கொஞ்சம் சீக்கில் கிடக்கிறது. மஸ்கட்டில் நீயும் ஜெரோம் மாப்பிள்ளையும் நலமாக இருக்க நம் முருகனையும் அவர்கள் அந்தோணியாரையும் சேர்த்தே கும்பிட்டுக்கொள்கிறேன்.

போன வாரம் நம் தெரு வேலுசாமி மகள் கீர்த்தனாவுக்குக் கல்யாணம். ஊர் பிரசிடெண்ட் என்று அப்பாவை மைக்கில் வாழ்த்தக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு அவருக்கு அது மூன்றாவது கல்யாணம், மூன்று வீட்டுப் பாயசமும் வயிற்றில். மாப்பிள்ளையைச் சரியாகத்தான் வாழ்த்தினார். பெண் பக்கம் திரும்பி, "அம்மா சத்யபிரியா, நீ போற எடத்துல ஒரு கொறையுமில்லாம இருக்கணும் தாயி" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். உன் ரிஜிஸ்டர் கல்யாணத்துக்கு வராத மனுஷன், மூன்று வருஷமாக உன் பேரை வாயில் எடுக்காத மனுஷன், எடுத்ததும் மைக்கில்தான் எடுத்தார்.

சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் பதினோரு ஓட்டில் அப்பாவிடம் தோற்ற பழனிக்குமார் விடுவானா? மறுநாள் காலையில் 'மணமகள் பெயரை மாற்றிய தலைவரே, ராஜினாமா செய்!' என்று சுவரெல்லாம் போஸ்டர். டவுன் பஸ்ஸை இரண்டு மணி நேரம் மறித்ததில், மல்லிகைப் பூக் கூடைகள் திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் போகாமல் பஸ்ஸிலேயே வாடின. கொடும்பாவி கட்ட வைக்கோல் எடுக்க நம் படப்புக்கே வந்தார்கள். பின்பக்கம் உருவுங்கடா, மாட்டுக்கு வேணும் என்று நான்தான் சொன்னேன். எரித்துவிட்டு வந்து மோர் குடித்துவிட்டுப் போனார்கள். வேலுசாமியோ, வாழ்த்து வேறு பெண்ணுக்குப் போய்விட்டது, என் மகளுக்கு என்ன ஆகுமோ என்று சோறு தண்ணி இல்லாமல் கிடந்தார். மறுவீட்டுக்கு வந்த கீர்த்தனா, "பெரியப்பா பேசுனது எனக்குக் கேக்கவே இல்ல, மாலை கழுத்துல குத்துச்சு, அதைச் சரி பண்ணிக்கிட்டிருந்தேன்" என்கிறாள். அவள் பேச்சை யார் கேட்டார்கள்?

நேற்றுச் சாயங்காலம் பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் கூட்டம். அதே மைக்செட்காரரைக் கூட்டி வந்திருந்தார்கள். அப்பா வேலுசாமியிடம் மன்னிப்புக் கேட்டார், கீர்த்தனாவைப் பேர் சொல்லி மூன்று தடவை வாழ்த்தினார். வேலுசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. அதோடு முடிந்திருக்கும். பழனிக்குமார் தீர்மான நோட்டை நீட்டி, அன்னைக்குச் சொன்னதை வாபஸ் வாங்குறேன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும், இல்லாட்டி பதவியை விட்டு எறங்கணும் என்றான். எனக்கும், போட்டுத் தொலையட்டும், ஒரு கையெழுத்துதானே என்றுதான் தோன்றியது. அப்பா நோட்டைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார். "ஆள் மாறிச் சொன்னது தப்புதேன், அதுக்கு மன்னிப்புக் கேட்டுட்டேன். ஆனா சொன்னது எம்மகளுக்கு. அதை வாபஸ் வாங்க மாட்டேன். பதவி வேணும்னா எடுத்துக்கங்க" என்றார். முதலில் எழுந்தது வேலுசாமிதான், வேட்டியைத் தட்டிக்கொண்டு, வாங்கண்ணே வீட்டுக்குப் போவோம் என்று அப்பாவைக் கூட்டிக்கொண்டு நடந்தார். பின்னாலேயே கூட்டமும் கலைந்தது. பழனிக்குமார் கலெக்டருக்கு மனு எழுதப் போகிறானாம், எழுதட்டும்.

வீட்டுக்கு வந்தபின் அப்பா இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார், அவ்வளவுதான். நான்தான் அடுப்படியில் நின்று அழுதேன். இதை மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு. மோர் மிளகாய் கொடுத்தனுப்புகிறேன், வெயிலில் அலையாதே. இரண்டு பேரும் நூறு வருஷம் நன்றாக இருங்கள். ஒன்று மட்டும் மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது என்னிடம் பேசியது போதும், அப்பாவிடம் கொடு என்று சொல். வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டுவார். நான் ரிசீவரை அவர் காதில் வைத்துவிட்டு வெளியே போய்விடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
சண்முகவள்ளி